பைபாஸுக்கு நெஞ்சுத் தமனியை எடுத்தால் நெஞ்சுக்கு ரத்தம் குறையாதா?

கொஞ்சம் குறையும், உடம்பு சமாளித்துக்கொள்ளும். வழக்கமாக எடுப்பது இடது உள்மார்புத் தமனி. அது கழுத்தெலும்புக்கு அடியில் ஓடும் தமனியில் கிளம்பி, மார்பெலும்பின் ஓரமாக, விலாக் குருத்தெலும்புகளுக்குப் பின்னால் இறங்குகிறது. ஆறாவது விலா இடைவெளியருகே இரண்டாகப் பிரிகிறது. பைபாஸில் வழக்கமாக மேல்முனையைத் தொடுவதில்லை. கீழ்முனையை மட்டும் வெட்டித் திருப்பி, இதயத்தின் முன்பக்கத் தமனியில் அடைப்பைத் தாண்டித் தைக்கிறார்கள். 1964-இல் லெனின்கிராடில் சோவியத் அறுவை மருத்துவர் கோலெசோவ் பைபாஸுக்கு இந்தத் தமனியைத்தான் பயன்படுத்தினார்.

இதன் சுவரில் மீள்நார்கள் (இழுபட்டு மீளும் நார்கள்) அதிகம், கொழுப்பு லேசில் படியாது. இப்படித் தைத்த தமனிகளில் 10 ஆண்டுகள் கழித்தும் 90 சதவீதத்துக்கு அருகில் அடைபடாமல் இருக்கின்றன. பைபாஸுக்கு எடுக்கும் கால் சிரை இந்த விஷயத்தில் பக்கத்தில்கூட வராது.

சரி, மார்பெலும்புக்கு ரத்தம்? வலது பக்கத் தமனியும் விலா இடைத் தமனிகளும் கொடுக்கும். இரண்டு பக்கமும் எடுத்தால்தான், அதுவும் சர்க்கரை நோய் இருந்தால், எலும்பு ஆறுவது சிக்கலாகலாம்.