காலை தியானமும் ஞாயிறு மெயிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

18 பேர் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தை நடத்துகிறேன். அலுவலகத்தை பௌத்த நெறிப்படி நடத்த ஆசைப்பட்டு, தினமும் காலையில் எல்லோரும் சேர்ந்து 20 நிமிடம் தியானம் செய்ய ஏற்பாடு செய்தேன். யாரையும் அதட்டுவதில்லை. ஆனால் அண்மையில் வேலையை விட்டுப்போன ஒரு பெண், “ஞாயிறு ராத்திரி மெயில் அனுப்பிவிட்டு, திங்கள் காலையில் கண்ணை மூடச் சொல்கிறீர்கள்” என்றார். சுருக்கென்றது. இன்னொருவரை நீக்கவேண்டிய நிலையும் வந்திருக்கிறது. அதைக் கருணையோடு எப்படிச் செய்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெண் சொன்னதுதான்.

முதலாளிக்கு என்ன கடமை என்று புத்தர் நேரடியாகவே பேசியிருக்கிறார். ராஜகிருகத்தில் ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்த சிகாலன் என்ற இளைஞனிடம், உன்னைச் சுற்றியிருக்கும் மனிதர்களே அந்தத் திசைகள் என்கிறார். புத்தரின் நீண்ட உரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தில் இது இருக்கிறது. வேலையாட்களுக்கு எஜமானன் செய்யவேண்டியவை ஐந்து: சக்திக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, அரிய பண்டம் கிடைத்தால் அதில் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு. தியானம் இந்த ஐந்தில் இல்லை. வேலையாட்களுக்கும் ஐந்து கடமைகள் உண்டு, ஆனால் அவை பிறகுதான் வருகின்றன. (எஜமானனுக்கு முன் எழுந்து, அவனுக்குப் பின் தூங்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தக் காலத்துப் பேச்சு, விட்டுவிடலாம்.)

சம்பளம் போடுகிறவர் கூப்பிடும் தியானத்துக்கு மாட்டேன் என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? நீங்கள் வீட்டில் தியானத்துக்கு உட்காருங்கள். அந்த 20 நிமிடத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஞாயிறு மெயிலைத் திங்கள் காலை போகும்படி ஷெட்யூல் செய்துவிடலாம். இப்போதே அனுப்பவேண்டும் என்று கை பரபரக்கும் இல்லையா, அதைக் கவனிப்பதே உங்களுக்கு நல்ல பயிற்சி.

பௌத்தத் துறவிகளின் சங்கத்தில் பவாரணை என்று ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத் தங்கல் முடியும் நாளில் பிக்குகள் கூடுவார்கள். எல்லோருக்கும் மூத்தவர் முதலில் குந்தி அமர்ந்து, கைகூப்பி, என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, சந்தேகித்த குறை எதுவானாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று மூன்று முறை கேட்பார். இளையவர்களின் முறை அதற்கப்புறம்தான். நீங்கள் மென்மையாகப் பேசுவதாலேயே உங்கள் ஆட்கள் வாய் திறந்துவிட மாட்டார்கள். அந்தப் பெண்ணே வேலையை விட்ட பிறகுதானே சொன்னார்? வருடத்துக்கு ஒரு முறையாவது நீங்களாகக் கேளுங்கள். சம்பள உயர்வு முடிவான பிறகு கேளுங்கள், அதற்கு முன் கேட்டால் புகழ்ச்சிதான் கிடைக்கும்.

சரி, வேலைநீக்கம். ஆசை, வெறுப்பு, அறியாமை, பயம் என்று நான்கு காரணங்களால் மனிதன் தவறு செய்கிறான் என்று அதே சிகாலனிடம் சொல்கிறார் புத்தர். மென்மையான முதலாளிகள் வழுக்குவது பெரும்பாலும் பயத்தில். மாதக்கணக்கில் குறையைச் சொல்லாமல் சிரித்துப் பேசிவிட்டு, திடீரென்று ஒரு நாள் கடிதத்தை நீட்டுவார்கள். இதைக் கருணை என்று அவர்களே நம்பவும் செய்வார்கள். எனக்கு இதைவிட அதட்டும் முதலாளி தேவலை.

அபயன் என்ற இளவரசன், பிறருக்குக் கசப்பானதைப் பேசுவீர்களா என்று புத்தரை மடக்கப் பார்க்கிறான். அவன் மடியில் ஒரு குழந்தை. இது கல்லையோ குச்சியையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்கிறார் புத்தர். ரத்தம் வந்தாலும் விரலைவிட்டு எடுத்துவிடுவேன், குழந்தைமேல் இரக்கம் இருக்கிறதே என்கிறான் அவன். உண்மையும் பயனும் உள்ள சொல்லை, கேட்பவருக்குக் கசந்தாலும், நேரம் பார்த்துச் சொல்வேன் என்கிறார் புத்தர்.

நீங்கள் நீக்க நினைக்கும் நபரிடம் அவருடைய குறையை நேராகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லை என்றால் இந்த வாரமே தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள், திருந்த அவகாசம் கொடுங்கள். அப்புறமும் நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால், அவருக்குச் சேரவேண்டிய பாக்கி முழுவதையும் கடைசி நாளன்றே கொடுத்துவிடுங்கள்.