கடற்பாசியும் சருமமும்: கேள்வி பதில்

மண்டபம் பக்கம் பாசி பதப்படுத்தும் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது சோப்பும் கிரீமும் தயாரிக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கே: பார்லரில் போடும் பாசி மாஸ்க் எப்படி ரப்பர் மாதிரி இறுகுகிறது? (மதுரை)

ப: அது ஆல்ஜினேட். நாங்கள் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று சொல்லும் பழுப்புப் பாசிகளில் இருந்து எடுப்பது. அந்தத் தூளில் கால்சியம் சல்ஃபேட்டும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் கால்சியம் மெல்லக் கரைந்து, ஆல்ஜினேட் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். மாஸ்க் இருக்கும்வரை தோலின் ஈரம் வெளியே போகாது. முகம் மெத்தென்று ஆவது அதனால்தான். போடும் முன் புருவத்தில் வாஸ்லின் தடவுங்கள், இல்லாவிட்டால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும்.

கே: ஸ்பைருலினா (தூளாக விற்கும் நீலப்பச்சைப் பாசி) பூசினால் நிறம் வெளுக்குமா? (சேலம்)

ப: வெளுக்காது.

கே: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். பாசி கிரீம் போடலாமா? (வேலூர்)

ப: பழுப்புப் பாசிகளில் அயோடின் அதிகம். லேபிளை எடுத்துப்போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: ஸ்பைருலினா, தேன், கற்றாழை கலந்து ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (கோவை)

ப: கூடாது. அதில் பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) இல்லை, ஒருநாளைக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

கே: இயற்கைப் பொருளுக்கு எதற்குப் பிரிசர்வேட்டிவ்? பாட்டி காலத்தில் இருந்ததா? (மீண்டும் கோவை)

ப: பாட்டி அன்றன்றைக்கு அரைத்துப் பூசினார், டப்பாவில் போட்டு வைக்கவில்லை. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றும் அகர் எதிலிருந்து வருகிறது தெரியுமா? கடற்பாசியில் இருந்துதான், எங்கள் கரையில் அதற்காகவே மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். அகர் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதில் சத்தைச் சேர்த்தால் கிருமி வளரும். ஸ்பைருலினா தூளில் பாதிக்கு மேல் புரதம். அதில் தண்ணீரும் கற்றாழையும் சேர்த்தால் கிருமிக்கு நீங்களே விருந்து வைக்கிறீர்கள். ஃப்ரிட்ஜ் அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. நாற்றம் வருவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கும். பருவோ கீறலோ உள்ள முகத்தில் அதைப் பூசலாமா, சொல்லுங்கள்.

கே: பாசியில் சன்ஸ்கிரீன் உண்டாமே? (சென்னை)

ப: நோரி (ஜப்பானியர் சாப்பிடும் பாசி) வகைச் சிவப்புப் பாசிகளில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் உண்டு. போர்ஃபிரா-334 என்பது அதில் ஒன்று. 334 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் உள்ள புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும். அதை மட்டும் நம்பி வெயிலில் போகாதீர்கள், வழக்கமான சன்ஸ்கிரீனும் வேண்டும்.

கே: கறுத்த முகம் வெளுக்க எந்தப் பாசி? (ஈரோடு, தேனி, இன்னும் மூவர்)

ப: சேலத்துக்குச் சொன்னதுதான். இந்தக் கேள்வி இனி வேண்டாம்.

கே: ராமேஸ்வரம் போகிறேன். கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளி வரட்டுமா? (திருச்சி)

ப: வேண்டாம், ஒதுங்கிக் கிடப்பது அழுக ஆரம்பித்திருக்கும். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பறிக்கும் பெண்களிடம் காய்ந்த கஞ்சிப் பாசி ஒரு பிடி கேட்டு வாங்குங்கள். மணலும் உப்பும் போக நாலு தண்ணீரில் அலசி, கொதிக்கவைத்து வடிகட்டினால் ஆறும்போது கூழாகும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். மிஞ்சியதை அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.