நான்கு சிலிண்டரில் எது சும்மா இருக்கிறது?

கேள்வி: என் கார் 22 ஆண்டுகள் பழையது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். இன்ஜெக்டர் உண்டு, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் ஒயர்களும் கொண்ட பழைய அமைப்பு. மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டியே உதறுகிறது. பத்து நிமிடத்தில் ஓரளவு அடங்கிவிடும். ஆனால் மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது மறுபடியும் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்புதான் பிளக்குகளை மாற்றினேன். இப்போது ஒரு மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். என்னிடம் ஸ்பேனர் செட்டும் மல்டிமீட்டரும் இருக்கின்றன. வீட்டில் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: என்ஜினையும் இறக்க வேண்டாம், இன்ஜெக்டரும் வாங்க வேண்டாம். இருவரும் மருந்தைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, நோய் எந்த இடத்தில் என்று இருவருமே சொல்லவில்லை. நான்கு சிலிண்டரும் சரியாக எரியவில்லையா, ஒன்று மட்டும்தானா? ஒன்று என்றால் எது? இதற்கு விடை தெரியும்வரை ஒரு பொருளுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது: மழை, மேடு. பிளக்கில் பொறி தாண்ட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்தான். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, அதைத் தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது பிரச்சினை இராது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து அழுத்தம் ஏறும், பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் இக்னிஷன் காயிலும் இன்னும் உயர்ந்த வோல்ட்டுக்குப் போகும். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் எது எளிதோ அந்த வழியில் போய்விடும். ஒயரின் ரப்பரில் மயிரிழை விரிசல் இருந்தால் அதுவே வழி. அதன் மேல் ஈரம் படிந்தால் வழி இன்னும் அகலம். என்ஜின் சூடேறி ஈரம் காய்ந்ததும் உதறல் அடங்குவதும் இதோடு பொருந்துகிறது. எனவே என் சந்தேகம் முதலில் ஒயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் (பொறி மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) மூடி, அதனுள் சுழலும் ரோட்டர், பிளக்கின் பீங்கான் ஆகியவற்றின் மேல்தான். ஆனால் சந்தேகம் சந்தேகம்தான். சோதிக்காமல் அதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் ஓடும் என்ஜினின் புகை உயிரைப் பறிக்கும். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும், எனவே தொங்கும் துணியோ கழுத்துச் சங்கிலியோ வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஓடும் என்ஜினின் இக்னிஷன் பக்கம் வரவே கூடாது. ஸ்பேனரைத் தொடும் முன் பிளக் ஒயர்களில் ஒட்டு நாடாவால் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். நான்கு சிலிண்டர் என்ஜின்கள் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். மூடியில் ஒயர்கள் அந்த வரிசைப்படிதான் இருக்கும், பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் வரிசைப்படி அல்ல. இரண்டு ஒயரை இடம் மாற்றிச் செருகிவிட்டு, இல்லாத நோயைத் தேடி ஒரு மாலை முழுவதையும் தொலைத்தவன் நான்.

உதறல் எல்லாமே மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவது, என்று நினைத்துவிடவும் கூடாது. என்ஜின் மவுண்டிங் ரப்பர் நைந்துபோனாலும் வண்டி உதறும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஐடிலில் ஓடவிட்டு, ஒரு தாளைச் சைலன்சர் குழாயின் வாயருகே பிடியுங்கள். எல்லாச் சிலிண்டரும் வேலை செய்தால் தாள் சீராகப் படபடக்கும். ஒன்று தவறினால் ‘டப்-டப்-டப்’ என்ற சத்தத்தின் நடுவே சீராக ஓர் இடைவெளி கேட்கும். தாள் குழாயை நோக்கி விட்டு விட்டு உறிஞ்சப்பட்டால், எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்ற எண்ணத்தை மனத்தில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊமைச் சிலிண்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். உதறும் நேரத்திலேயே இதைச் செய்வது முக்கியம். அடங்கிய பிறகு செய்தால் நான்கும் நல்ல பிள்ளைகளாக நடிக்கும். ஏசியை நிறுத்துங்கள். என்ஜின் ஐடிலில் ஓடும்போது முதல் இன்ஜெக்டரின் கனெக்டரை மட்டும் கழற்றுங்கள். வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால் ஓட்டம் உடனே தளர்ந்து உதறல் கூடும். திரும்பச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதைக் கழற்றினாலும் செருகினாலும் சத்தத்தில் வேறுபாடே இல்லையோ, அதுதான் சும்மா இருக்கும் சிலிண்டர். முதல் இரண்டு மூன்று நொடிகளிலேயே காதைக் கொடுங்கள். அதற்குப் பிறகு என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் ஐடிலைத் தானே உயர்த்தி வேறுபாட்டை மறைத்துவிடும். செக் என்ஜின் விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம், கனெக்டரைக் கழற்றியதால் எரிகிறது.

பலர் இதையே ஓடும் என்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிச் செய்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கையில் ஷாக் அடிக்கும் என்பது ஒரு காரணம். போக வழியில்லாத மின்சாரம் காயிலையும் இக்னிஷன் மாட்யூலையும் பதம் பார்க்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதையும் கெடுக்கும். அதனால்தான் ஓட்டும்போது செக் என்ஜின் விளக்கு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்கிறார்கள்.

கனெக்டருக்குக் கை எட்டாவிட்டால் வேறு வழி உண்டு. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நான்கு குழாய்களிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரியும் சிலிண்டரின் குழாயில் சொட்டு ‘சுர்’ரென்று பறந்துவிடும். எரியாததில் சும்மா வழிந்து நிற்கும். நன்றாகச் சூடேறிய பிறகு செய்யாதீர்கள், தண்ணீரை ஊற்றவும் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பில் விரிசல் விழுந்துவிடும்.

உங்கள் வண்டியில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைக் குறியீட்டைப் படிக்கும் கருவி) வேலை செய்யும் என்றால் இது இன்னும் சுலபம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது. பி0300 என்றால் குறிப்பாக ஒன்றில்லை, பலவற்றில் மாறி மாறி வருகிறது என்று பொருள். இந்தக் குறியீடு சிலிண்டரைத்தான் காட்டும், குற்றவாளியான உதிரிபாகத்தைக் காட்டாது.

மூன்றாவது சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆறிய பிறகு அதன் பிளக்கைக் கழற்றுங்கள். ரப்பர்த் தொப்பியைப் பிடித்துத் திருகி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கின் முனை வெளிர்ப் பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. இது ஒன்றே இன்ஜெக்டர் வாங்கும் யோசனையைத் தள்ளிவைக்கப் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியே எண்ணெய் வருகிறது.

முனையோடு நிறுத்திவிடாமல் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பென்சிலால் நெடுக்காகக் கோடு இழுத்தது போல ஒரு மெல்லிய கருங்கோடு தெரிகிறதா? முதன்முதலில் அதைப் பார்த்தபோது அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்து, மாட்டி, ஒரு வாரத்தில் அதே உதறலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பீங்கானின் மேலாக மின்சாரம் ஓடி ஓடிச் சுட்ட தடம் அது, துடைத்தால் போகாது. அதற்கு நேரெதிரே தொப்பியின் உட்பக்க ரப்பரிலும் இன்னொரு தடம் இருக்கும். பிளக்கை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய ரப்பர் புதுப் பீங்கானையும் கெடுக்கும், எனவே இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு பிளக் மாற்றியும் நோய் போகாததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் சீல் கசிகிறது. எண்ணெயில் ஊறிய ரப்பர் கொழகொழத்து இன்சுலேஷனை இழந்துவிடும்.

ஒயர்களை மல்டிமீட்டரில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கரிநூல் ஒயர்கள் (செம்புக்குப் பதில் உள்ளே கரி ஏற்றிய நூல் கொண்டவை) நீளத்துக்கு ஏற்பச் சில ஆயிரம் ஓம் காட்டும். மூன்று ஒயர்கள் 6,000, 7,000 என்று காட்ட, ஒன்று மட்டும் 40,000 காட்டினாலோ, வளைக்கும்போது எண் துள்ளினாலோ அதுதான். ஆனால் மீட்டர் நல்ல சான்றிதழ் கொடுத்தால் நம்பிவிடாதீர்கள். மீட்டர் அனுப்புவது சில வோல்ட் மட்டுமே. அந்தச் சில வோல்ட், விரிசல் வழியே கசிவதில்லை.

கசிவைக் காண இருட்டு வேண்டும். இரவில் பானெட்டைத் திறந்து, விளக்கை அணைத்து, என்ஜினை ஐடிலில் விடுங்கள். பூச்செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் மூடுபனி போலத் தண்ணீரை ஒயர்கள் மீதும் மூடி மீதும் லேசாகத் தெளியுங்கள். எதையும் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். நீல நிற நூல் போல மின்பொறி ஒயரிலிருந்து இரும்புக்குத் தாவுவது தெரியும், ‘டிக் டிக்’ என்ற சத்தமும் கேட்கும். மழைநாள் நோய்க்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. பிறகு என்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள்: ஈரம், முனைகளுக்கு நடுவே கருந்தடம், மயிரிழை விரிசல், தேய்ந்த நடுக்கரி. மாற்றுவதானால் மூடியையும் ரோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றால், இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றாவது பிளக்கை ஒன்றாவதற்கும் அதிலுள்ளதை இங்கும் போட்டு ஓட்டுங்கள். நோய் ஒன்றாவதற்குப் போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள் (நீளம் எட்டும் இடத்துக்கு). அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது என்று கடைசிவரை தெரியாது. இன்ஜெக்டரைக் கழற்றும் முன் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வையுங்கள். நான்கும் ஒரே மாதிரி ‘டக் டக்’ என்று அடிக்க வேண்டும்.

காற்றுக் கசிவு என்றால் கதை வேறு. ஐடிலில் உதறி, ரேஸ் செய்தால் சரியாகும். உங்களுக்கு நேர்மாறாக மேட்டில்தான் தொல்லை. ஆனாலும் வெடித்துப்போன வேக்குவம் ஹோஸ் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேயைச் சூடான என்ஜின் மேல் அடித்துக் கசிவைத் தேடும் வித்தையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே சிலிண்டர் ஊமையாகவே இருந்தால்தான் என்ஜினுக்கு உள்ளே போக வேண்டும். அதற்கும் முன், சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்குங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்து, காயிலுக்கு மின்சாரம் போகாமல் செய்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தியபடி ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரால் என்ஜினை ஐந்தாறு சுற்று சுற்றவிடுங்கள். நான்கு எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவு என்றால் அதற்குள் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்றும் பாருங்கள். வால்வு என்று தெரிந்தால், ஹெட்டைக் கழற்றச் சொல்லும் முன் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் பெட்ரோலுக்குப் பதில் எல்பிஜி, சிஎன்ஜி போன்ற கேஸில் ஓடிய பழைய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்து, இடைவெளி போய், முழுதாக மூடாமல் நிற்பதுண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் சில வண்டிகளில் அது ஒரு ஸ்க்ரூவைத் திருப்பும் வேலையோடு முடிந்துவிடும். அந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி, எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து, மெக்கானிக்கிடம் போகும்போது கையில் கொண்டுபோங்கள்.