பெரியப்பா சொல்வதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

அம்மா, மருத்துவ நுழைவுத் தேர்வில் மகள் தேறவில்லை, வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நுழைவுத் தேர்வில் தேறாததால் அவளுடைய எதிர்காலம் பாழாகிவிடாது. ஆறுதல் இவ்வளவுதான், இனி உங்களோடு கொஞ்சம் சண்டை.

உங்கள் கடிதத்தில் மருத்துவம் வேண்டும் என்பவர்கள் பெரியப்பா, அத்தை, நீங்கள். மகள் பேசுவது ஒரே ஒரு வரி: "ஹைட்ரஜன் பெராக்சைடு விஷம் என்றால், செல் ஏன் அதைத் தானே தயாரிக்கிறது?" பாடத்தை விட்டுவிட்டு வேண்டாததைக் கேட்கிறாள் என்று குறைப்படுகிறீர்கள். நோயாளிகள் அருகில் போகவே தயங்குகிறாள் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு வெளிநாட்டு மருத்துவ சீட்டு? கடனை அடைக்கப்போவது பெரியப்பா அல்ல. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது கருவளர்ச்சி நரம்பியல், அதாவது கருவில் மூளையும் நரம்புகளும் எப்படி உருவாகின்றன என்று ஆராயும் துறை. அவள் கேட்ட கேள்விக்கு அங்கேதான் வேலை நடக்கிறது.

செல் சவ்வுகளில் உள்ள நாக்ஸ் நொதிகள் ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடு என்ற, எளிதில் வினைபுரியும் மூலக்கூறை உண்டாக்குகின்றன. அது உங்கள் மகள் கேட்ட ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. அளவு மீறினால் சேதம். சிறிதளவு என்றால், சில புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தைத் தொட்டு அவற்றின் வேலையை மாற்றுகிறது. தயோரெடாக்சின் போன்ற வேறு புரதங்கள் பிறகு அவற்றைப் பழையபடி ஆக்குகின்றன. அதாவது, பெராக்சைடு ஒரு சமிக்ஞை. ஆய்வகங்களில் வளர்க்கும் சிறிய வரிக்குதிரை மீனின் கருவில் பெராக்சைடைக் குறைத்துப் பார்த்தார்கள். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய நரம்பிழைகளின் வளர்ச்சி குன்றியது. மறுபக்கமும் உண்டு: மனிதக் கருவில் பின்னர் மூளையும் தண்டுவடமுமாகும் நரம்புக்குழாய் சுமார் 28ஆம் நாளுக்குள் மூடிவிட வேண்டும். தாயின் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் அதில் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுகிறது; பெராக்சைடு போன்றவை அளவு மீறிச் சேதம் செய்யும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கருதுகிறார்கள்.

ஆய்வகத்தில் காலையில் விளக்கு எரிந்ததும் மீன்கள் முட்டையிடும். பிப்பெட்டால் பொறுக்கி, கெட்டுப்போனவற்றை நீக்கி, மெல்லிய இடுக்கியால் முட்டை உறையை உரிக்க வேண்டும். உடல் கண்ணாடி போல் இருப்பதால் 24 மணி நேரத்தில் கண், மூளைப் புடைப்பு, துடிக்கும் வால் எல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். 2006இல் அறிமுகமான ஹைபர் என்ற ஒளிரும் புரதத்தைக் கருவில் உருவாகச் செய்தால், பெராக்சைடு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று உயிருள்ள கருவிலேயே பார்க்கலாம். (எனக்கே பொறாமையாக இருக்கிறது.)

பாதை நீளமானது, மறைக்கமாட்டேன். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம். அதற்குப் பிறகும் பேராசிரியர் பதவிகள் குறைவு. ஆனால் நுண்ணோக்கிப் பிம்பங்களைப் பகுத்தாயத் தெரிந்தவர்களுக்கும், மீன் கருவை வைத்து ரசாயனங்களின் நச்சுத்தன்மையைச் சோதிப்பவர்களுக்கும் கல்லூரிக்கு வெளியிலும் வேலை உண்டு. அந்தச் சோதனைக்கு 2013 முதல் ஓஇசிடி என்ற பல நாடுகளின் பொருளாதார அமைப்பு வகுத்த வழிகாட்டு நெறியே இருக்கிறது. எனவே உயிரியலோடு புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் கற்கட்டும்.

செலவில் கறாராக இருங்கள். இளநிலைக்கு அரசுக் கல்லூரி போதும். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தராத இடத்தில் சேரவே வேண்டாம்.

மறு தேர்வுக்கான பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், விடுமுறையில் சில வாரங்கள் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இருக்க அனுமதி கேட்டு அவளே மின்னஞ்சல் எழுதட்டும். தொட்டி கழுவி, முட்டை எண்ணி அலுத்துப்போனால் அவளே சொல்வாள். அதுவரை பெரியப்பாவுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.