பிழை பூஜ்யம், ஆனால் படித்துறை 15 மீட்டர் தள்ளி நிற்கிறது!

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் ஊருணியை ட்ரோனில் 120 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே படமாக எடுத்தோம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வீட்டு மொட்டைமாடிகளின் மூலைகளில் 7 புள்ளிகள் வைத்து, 'தின் பிளேட் ஸ்ப்ளைன்' முறையில் ஜியோரெஃபரன்ஸ் செய்தேன், அதாவது ட்ரோன் படத்தைச் செயற்கைக்கோள் படத்தில் உள்ள அதே இடங்களோடு பொருத்தினேன். பிழை பூஜ்யம் என்று வந்தது. ஆனால் எதிர்க்கரைப் படித்துறை, செயற்கைக்கோள் படத்தில் இருக்கும் இடத்திலிருந்து 15 மீட்டர் விலகி நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: அந்தப் பூஜ்யத்தை நம்பியதுதான் முதல் தவறு. தின் பிளேட் ஸ்ப்ளைன், ரப்பர் துணியை இழுத்து ஆணியடிப்பது மாதிரி. ஆணி அடித்த இடத்தில் துணி கச்சிதமாக உட்கார்ந்தே தீரும், ஆணியையே தப்பான இடத்தில் அடித்திருந்தாலும். ஆகவே அந்த முறையில் பிழை எப்போதும் பூஜ்யம்தான். ஆணி இல்லாத பக்கம் துணி எப்படிச் சுருங்கிக் கிடக்கிறது என்பதை அந்த எண் காட்டாது. வீடுகள் எல்லாம் ஒரே கரையில்தானே இருக்கின்றன? அப்படியானால் படித்துறைப் பக்கம் ஒரு ஆணிகூட இல்லை.

இரண்டாவது தவறு மொட்டைமாடி. மேலிருந்து எடுக்கும் படத்தில் உயரமான எதுவும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழும். படத்தின் மையத்திலிருந்து தரையில் 70 மீட்டர் தள்ளி 8 மீட்டர் உயர வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70-ஐ 8-ஆல் பெருக்கி, 120-லிருந்து 8 போக மிஞ்சும் 112-ஆல் வகுத்தால் 5 வரும். அதாவது வீட்டின் அடி இருக்கும் இடத்திலிருந்து மாடி 5 மீட்டர் விலகித் தெரியும். செயற்கைக்கோள் படத்திலும் அதே மாடி வேறு கோணத்தில், வேறு அளவுக்குச் சாய்ந்திருக்கும். இரண்டையும் பொருத்தினால் ஒட்டுமா?

ஆகவே தரையோடு தரையாக இருப்பதைத் தேடுங்கள்: படித்துறையின் கல் மூலை, வரத்துக்கால் குறுக்கே உள்ள சிறுபாலத்தின் ஓரம், சிமெண்ட் சாலை திரும்பும் இடம், களத்தின் மூலை. தண்ணீர் விளிம்பு வேண்டவே வேண்டாம். ஐப்பசியில் இருக்கும் கோடு சித்திரையில் இருக்காது. மர உச்சியும் வேண்டாம். எட்டு ஒன்பது புள்ளிகள் போதும், ஆனால் அவை நான்கு கரையிலும் பரவியிருக்க வேண்டும்.

முறையை 'ப்ரொஜெக்டிவ்' என்று மாற்றுங்கள். கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், தரை ஓரளவு சமமாக இருந்தால் அது சரிக்கட்டும். அதற்கு 4 புள்ளிகள் கட்டாயம். ஆனால் நான்கே வைத்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். கூடுதல் புள்ளிகள் வைத்தால்தான் 'ரெசிட்யூவல்' என்ற எண்ணுக்கு, அதாவது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்பதற்கு, அர்த்தம் வரும். ஒரு புள்ளியில் மட்டும் அது எகிறினால், அழிக்கும் முன் இடம் மாற்றிக் கிளிக் செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். எண்ணைக் குறைப்பதற்காக நல்ல புள்ளியைத் தூக்கிப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆய அமைப்புக்கு, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறைக்கு, 'யூடிஎம் 44 வடக்கு' மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள்; மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644. தமிழ்நாட்டுக்குள் 78 டிகிரி தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்குக் கிழக்கே சிவகங்கை, மதுரை, சென்னை எல்லாம் 44. மேற்கே உள்ள கோவை, திருநெல்வேலி 43. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற ஆய அமைப்பை அப்படியே விட்டுவிட்டால், பூமியின் வளைவைப் பார்க்காத சமதளக் கணக்கில் நம் பகுதியில் பரப்பு 3, 4 சதவீதம் கூடுதலாக வரும்.

ஜியோரெஃபரன்ஸ் கருவி, கியூஜிஐஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் 'லேயர்' மெனுவில் இருக்கிறது, 3.26-க்கு முந்தையவற்றில் 'ராஸ்டர்' மெனுவில் தேடுங்கள். புள்ளிகளைத் தனிக் கோப்பாகச் சேமிக்க மறக்காதீர்கள், மறுபடி முதலிலிருந்து குத்த வேண்டியிருக்காது.

சரி, ஒட்டியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தரையில் தெளிவாகத் தெரியும் இரண்டு மூன்று இடங்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். ஜியோடிஃப் கோப்பு, அதாவது இட விவரம் சேர்ந்த படம், வந்த பிறகு அந்த இடங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளவுக் கருவியால் அளந்து பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான பிழை. அதோடு செயற்கைக்கோள் படத்தின் பிழையும் சேரும். அதுவே சில மீட்டர் தள்ளியிருக்கலாம். தூர்வாரத் திட்டம் போட இது போதும். ஆக்கிரமிப்பு வழக்குக்கு இதை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் போகாதீர்கள்; அங்கே சர்வேயர் அளந்ததுதான் பேசும்.