நோட்டீஸ் வந்த பிறகு எழுதும் லாக் புக்

கேள்வி: கரூரில் ஜவுளி மொத்த வியாபாரம். 12 லட்ச ரூபாய் காருக்கு 2023-24 கணக்கில் தேய்மானம் 1,80,000, டீசல், இன்சூரன்ஸ், கடன் வட்டி மூன்றும் சேர்ந்து 2,70,000, ஆக மொத்தம் 4,50,000 கழித்தேன். வியாபாரத்துக்குத்தான் ஓடியது என்பதற்கு ஆதாரம் கேட்டு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் இரண்டு கார் காட்டுகிறார், அவரை யாரும் கேட்கவில்லை. ஆடிட்டரும் எச்சரிக்கவில்லை. கோயில், கல்யாணம் என்று வீட்டுக்கும் அதே கார்தான். கார் எந்தத் தேதியில் எங்கே போனது என்று இப்போது ஒரு லாக் புக் எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: பக்கத்துக் கடைக்காரரை விடுங்கள், ஆடிட்டரையும் விடுங்கள். நீங்களே எழுதிய ஒரு வரிதான் வழக்கு: வீட்டுக்கும் அதே கார். சொந்தப் பயன்பாட்டுக்கு உரிய பங்கைக் கழிக்க முடியாது என்கிறது 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 38(2). எவ்வளவு பங்கு என்பது மட்டும்தான் கேள்வி.

லாக் புக் எழுதாதீர்கள். வியாபாரி அதை வைத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. இல்லாததால் வரும் நஷ்டம் சிறியது, பொய்யாக எழுதினால் வருவது பெரியது. என்னிடம் வந்த ஒருவர் இரண்டே இரவில் ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பெங்களூர் போனதாக எழுதிய தேதியில் கார் சர்வீஸில் நின்றது. சர்வீஸ் பில்லில் கிலோமீட்டர் இருக்கும், ஃபாஸ்டேக்கில் சுங்கச்சாவடி நேரம் இருக்கும். அதிகாரி கேட்டால் இரண்டும் வந்துவிடும். அதோடு நிஜமாக ஓடிய பயணங்களையும் யாரும் நம்பவில்லை.

சாதாரணமாக வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் பிரிவு 270ஏ-யில் வரியில் 50 சதவீதம் அபராதம். பொய்ப் பதிவு என்றால் 200 சதவீதம். பொய்க் கணக்கு கொடுத்ததாக 277-இல் குற்ற வழக்கே வரலாம். 30 சதவீத வரியில் நீங்கள் இருந்து, 4,50,000 முழுவதும் போனால் செஸ்ஸோடு வரி 1,40,400, அபராதம் 2,80,800.

ஐந்தில் ஒரு பங்கை நீங்களே விட்டுக்கொடுங்கள். அது 90,000, வரி 28,080, அப்புறம் வட்டி. பெரும்பாலும் வியாபாரத்துக்குத்தான் ஓடியது என்றால் இது நியாயமான கணக்கு. வீட்டு ஓட்டம் அதைவிட அதிகம் என்றால் பங்கையும் கூட்டிச் சொல்லுங்கள். எல்லா விவரத்தையும் மறைக்காமல் சொன்னால் அபராதமே வேண்டாம் என்று வாதாடவும் இடம் இருக்கிறது. 28,000 ரூபாய்க்காக அப்பீல் போவது வீண், என் ஃபீஸே அதைத் தாண்டிவிடும்.

ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட், சர்வீஸ் பில், வெளியூர் பார்ட்டிகளுக்குப் போட்ட இன்வாய்ஸ் தேதிகள், இவற்றை மாதவாரியாக அடுக்கி, ஐந்தில் ஒரு பங்கு சொந்த உபயோகம் என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தோடு கெடு தேதிக்கு முன்பே போர்ட்டலில் ஏற்றிவிடுங்கள்.