பாம் ஸ்பிரிங்ஸ்: மலை நிழலைப் பார்த்து அறை எடுங்கள்

கலிஃபோர்னியாவின் பாலைவன உல்லாச நகரமான பாம் ஸ்பிரிங்ஸில் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று நாள் தங்கப் போகிறோம். இணையத்தில் பார்த்தால் எல்லா ஹோட்டலும் ஒரே மாதிரி அழகாக இருக்கிறது. எந்தப் பகுதியில் அறை எடுப்பது? – வாசகி, சான் ஹோசே

நட்சத்திரக் கணக்கைப் பார்க்கும் முன் மலையைப் பாருங்கள். ஊரின் மேற்கு எல்லையில் சான் ஹசின்டோ மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் மலையடிவாரத்து ஹோட்டல்களில் பிற்பகல் மூன்று மணி வாக்கிலேயே வெயில் மறைந்துவிடும். நீச்சல் குளத்தின் மேல் நிழல் விழுந்ததும் குளிர ஆரம்பிக்கும். விளம்பரப் படங்களெல்லாம் காலை வெயிலில் எடுத்தவை என்பதால் இது தெரியாது. குளிர்காலத்தில் பகலில் 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஊர், இரவில் 7 டிகிரிக்கு இறங்கிவிடும்.

டென்னிஸ் கிளப் பகுதி மலையை ஒட்டியது. கோராக்கியா, இங்கிள்சைட், லா செரீனா போன்ற பழைய அழகுள்ள விடுதிகள் இங்கேதான் இருக்கின்றன. கடைத்தெருவான பாம் கேன்யன் டிரைவுக்கு நடந்தே போய்விடலாம். காலையில் குளம், மாலையில் நடை என்று திட்டமிடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மாலை வரை வெயில் காய வேண்டுமென்றால் கிழக்கே தள்ளிப் போங்கள். மாநாட்டு மையத்தை ஒட்டியுள்ள ரெனசான்ஸ், டாக்கிட்ஸ் கேன்யன் வே சாலையில் உள்ள ஹில்டன் பக்கமெல்லாம் வெயில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். விமான நிலையம் அங்கிருந்து சில நிமிடம்தான்.

தெற்கே ஈஸ்ட் பாம் கேன்யன் சாலையில் ஏஸ் ஹோட்டலும் பார்க்கரும் இருக்கின்றன. 1959-இல் ஹாலிடே இன்னாகத் தொடங்கிய பார்க்கர், இன்று ஊரின் ஆடம்பர முகங்களில் ஒன்று. வெள்ளைத் துளைக்கல் சுவரும் நடுவில் ஆரஞ்சு நிறக் கதவுமாக இருக்கும் அதன் வாசலில் நின்று படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. வளாகம் பெரியது, தோட்டம் அடர்த்தியானது. ஆனால் அங்கிருந்து கடைத்தெருவுக்கு நடக்க முடியாது, ஒவ்வொரு முறையும் கார் எடுக்க வேண்டும்.

வடக்கே அப்டவுன் டிசைன் டிஸ்ட்ரிக்ட்டில் பழைய மரச்சாமான் கடைகளும் நல்ல காலை உணவுக் கடைகளும் உண்டு. குறை, காற்று. சான் கோர்கோனியோ கணவாய் வழியாக வரும் காற்று முதலில் ஊரின் வடக்குப் பக்கத்தில்தான் அடிக்கும். அந்தக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். மார்ச் முதல் மே வரை போகிறவர்கள் வடக்கைத் தவிர்த்துத் தெற்கே அறை எடுப்பது நல்லது. டிசம்பரில் இந்தக் கவலை குறைவு.

கோடையில் கணக்கு தலைகீழ். அப்போது பிற்பகல் மூன்று மணிக்கு விழும் நிழல் கிடைக்காது, ஆனால் மலையடிவாரத்தில் மற்ற இடங்களைவிட முன்னதாகவே வெயில் தணியும். அந்த ஒரு மணி நேரமும் பெரிய ஆறுதல்தான்.

ஜூலையில் போனால் அறை வாடகை வெகுவாகக் குறையும் என்கிறார்கள். அப்பாவுக்கு 70 வயது, சர்க்கரை நோய் உண்டு. போகலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

வாடகை குறைவது உண்மைதான். வெயில் எப்படி என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஜூலையின் சராசரிப் பகல் வெப்பம் 42 டிகிரி செல்சியஸ். 2024 ஜூலை 5-ஆம் தேதி 51 டிகிரியைத் தொட்டு ஊரின் பழைய சாதனையை முறியடித்தது. வறண்ட வெயிலில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரக, இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இன்சுலினைக் காரில் விட்டுவிடாதீர்கள், சாப்பிடப் போகும் அரைமணி நேரத்துக்குக்கூட. மூடிய கார் அடுப்பாகிவிடும், மருந்து வீரியம் இழக்கும். வெளியே பார்க்க எந்த மாற்றமும் தெரியாது, சர்க்கரை ஏறிய பிறகுதான் புரியும். குளிர் பையில் வைத்துக் கையிலேயே எடுத்துப் போங்கள். ஐஸ் கட்டியின் மேல் நேராகப் படும்படி வைத்தாலும் கெடும், நடுவே ஒரு துணியை வையுங்கள். அறை முன்பதிவு செய்யும்போதே குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. குளத்தைச் சுற்றியுள்ள காங்கிரீட் தரை நண்பகலில் பாதத்தைச் சுட்டுவிடும். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். நாற்காலியிலிருந்து குளத்தின் படி வரை செருப்போடு நடந்து, படியிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

வெளிவேலைகளைக் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பகலில் போக ஒரு நல்ல இடம், 1963-இல் திறந்த ஏரியல் டிராம்வே. சுழன்றபடியே ஏறும் கம்பிவட ஊர்தி பத்து நிமிடத்தில் 8,516 அடி உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். மேலே, ஊரைவிட 15 முதல் 20 டிகிரி வரை வெப்பம் குறைவு. பைன்ஸ் கஃபேயில் சாப்பிடலாம். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், அப்பாவை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் பராமரிப்புக்காகச் சில வாரம் மூடுவார்கள். கோடையில் உணவகங்கள் சிலவும் வாரக்கணக்கில் விடுமுறை விடும், ஆகஸ்ட்டில் அது அதிகம். இடத்தைத் தேர்ந்ததும் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் யோசனை: உங்களால் தேதியை மாற்ற முடியுமானால் நவம்பர் நடுவில் போங்கள். வாரநாளில் தங்கினால் வாடகையும் கையைக் கடிக்காது.

மாமனார், மாமியார் இருவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அங்கே பட்டினி கிடக்க வேண்டி வருமோ? – வாசகி, இர்வைன்

வராது. கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. அமெரிக்க உணவகத்தில் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டையும் சேர்ந்திருக்கலாம். ‘வீகன்’ (முட்டை, பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று கேட்டு, பிறகு பால், நெய், தயிர் சேரலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் வீகன் சமையல் நன்றாக வேரூன்றியிருக்கிறது. செஃப் டானியாஸ் கிச்சன் முழுக்க வீகன், சிறிய கடை. முட்டை கலந்திருக்குமோ என்ற விசாரணையே அங்கே தேவையில்லை.

மெக்சிகன் உணவகங்கள் இங்கே நிறைய. சைவர்கள் ஏமாறுவதும் அங்கேதான். பீன்ஸ் மசியலைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். சிவப்பான சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. தட்டில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாததால் சைவம் என்று நினைத்துவிடுவோம். மூன்று கேள்வி கேளுங்கள்: பீன்ஸில் மன்டேகா, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்கிறதா? சோறு எந்தச் சாற்றில் வெந்தது? சூப்புக்கு அடிப்படை என்ன? முழுதாக வேகவைத்த கறுப்பு பீன்ஸ் பெரும்பாலும் தப்பும், ஆனாலும் கேட்டுவிட்டே வாங்குங்கள். சோள டார்ட்டியா, வதக்கிய குடைமிளகாய், அவகாடோ மசியல், தக்காளி சல்சா போதும், வயிறு நிறையும்.

இரண்டு வேளையாவது அறையிலேயே சமைத்துக்கொள்ள முடிந்தால் பெரியவர்களுக்கு நிம்மதி. 1940, 50-களில் கட்டிய சிறு விடுதிகள் பலவற்றில் சமையல் மேடையோடு கூடிய அறைகள் உண்டு. குளிர்காலம் முழுவதும் தங்க வருபவர்களுக்காகக் கட்டியவை என்பதே காரணம். ரால்ஃப்ஸ், ஸ்டேட்டர் பிரதர்ஸ் கடைகளில் அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். புளியும் சாம்பார் பொடியும் பெருங்காயமும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். எச்சரிக்கை ஒன்று: தாளிப்பு. சின்ன அறையில் எண்ணெய் காய்ந்து மிளகாய் கருகினால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அடுப்பை ஏற்றும் முன் புகைபோக்கி விசிறியைப் போட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து வையுங்கள். எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் கடுகைப் போட்டு மூடி, பொரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மிளகாயைச் சேருங்கள். கருவியைத் துணியால் மூடிவைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது ஆபத்து.

மூன்று குடும்பங்கள் சேர்ந்து நீச்சல் குளத்தோடு ஒரு வீடு எடுக்கலாமா? பாட்டு, கூத்து எல்லாம் உண்டு. – வாசகர், சான் டியாகோ

வீடு எடுக்கலாம், பாட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடுகளில் ஒலிபெருக்கி வைத்து வெளியே பாட்டுப் போட இந்த நகராட்சி அனுமதிப்பதில்லை. மாலையில் மட்டும் என்றில்லை, பகலிலும் கூடாது. அக்கம்பக்கத்தார் புகார் சொல்லத் தனித் தொலைபேசி எண் இருக்கிறது, அதிகாரிகள் உடனே வருவார்கள். தலைக்கணக்குக்கும் கட்டுப்பாடு உள்ளது: ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர். மூன்று குடும்பத்துக்கு மூன்று அறை வீடு எடுத்துக் கூடத்தில் பாய் விரித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர் வயது வந்த பெரியவராக இருக்கட்டும். விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

குளிர்காலத்தில் குளத்து நீரைச் சூடாக்குவதற்குத் தனிக் கட்டணம் கேட்பது வழக்கம். நீங்கள் போய் இறங்கிய பிறகு சொன்னால் அன்றைக்குப் பிரயோஜனம் இல்லை, அத்தனை தண்ணீரும் சூடேற ஒரு நாள் பிடிக்கும். வருவதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லி, எத்தனை டிகிரி என்று எழுத்தில் வாங்குங்கள்.

பத்து வயதுப் பையன் இருக்கிறான் என்றதும் ஒரு விடுதியில் அறை மறுத்துவிட்டார்கள். இது முறையா? – வாசகி, ஃபீனிக்ஸ்

இந்த ஊரில் சிறு விடுதிகள் பல, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றே நடத்தப்படுகின்றன. வார்ம் சேண்ட்ஸ் பகுதியில் ஆண்களுக்கு மட்டுமான, ஆடை விருப்பத்துக்கு விடப்பட்ட விடுதிகளும் உண்டு. முன்பதிவுப் பக்கத்தில் வயது விதியை முதலில் படியுங்கள். பையனுக்காக என்றால் பக்கத்து ஊரான ரான்ச்சோ மிராஜில் உள்ள ஓம்னி ரான்ச்சோ லாஸ் பால்மாஸ் பாருங்கள். சறுக்குமரம், மிதந்து போகும் ஓடை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே உண்டு.

அறைக்கும் சாப்பாட்டுக்கும் சொன்ன விலை ஒன்று, கடைசியில் கட்டுவது ஒன்றாக இருக்கிறதே? – வாசகர், ஹூஸ்டன்

கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையை விளம்பரம் செய்ய வேண்டும் என்பது சட்டம். குளம் போன்ற வசதிகளுக்கென்று விடுதிகள் கட்டாயமாகச் சேர்க்கும் ரிசார்ட் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்க முடியாது. வரி அதில் சேராது. ஹோட்டல் வரி பத்து சதவீதத்துக்கு மேல் வரும். கார் நிறுத்தக் கட்டணம் தனி, இரவுக் கணக்கு. வந்திறங்கியதும் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், டெபிட் அட்டை கொடுத்தால் அந்தப் பணம் சில நாள் முடங்கும். கிரெடிட் அட்டை கொடுங்கள்.

உணவகத்தில் விற்பனை வரி 9.25 சதவீதம். 80 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 7.40, டிப்ஸ் 18 சதவீதம் என்றால் 14.40, ஆக 101.80 டாலர். பெரிய குழுவாகப் போனால் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்திருக்கலாம், பார்க்காமல் மறுபடி கொடுத்துவிடாதீர்கள். உணவகங்கள் கூடுதல் கட்டணம் வாங்குவதற்கு விலக்கு உண்டு, மெனுவில் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். அடிவரியையும் படித்துவிடுங்கள்.

ஏப்ரலில் வரலாமா? – வாசகர், சியாட்டில்

அருகிலுள்ள இன்டியோ நகரில் கோச்செல்லா, ஸ்டேஜ்கோச் இசை விழாக்கள் நடக்கும் வார இறுதிகளைத் தவிர்த்து, ஞாயிறு முதல் வியாழன் வரை வாருங்கள். விழா நாட்களில் வாடகை பல மடங்காகும், மூன்று இரவாவது எடுத்தாக வேண்டும் என்பார்கள். பிப்ரவரியில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கட்டடக் கலையைக் கொண்டாடும் மாடர்னிசம் வாரம் நடக்கும்போதும் இதே கதைதான்.

திருமண நாளுக்கு ஓர் இரவு மட்டும் பழைய ஹாலிவுட் மிடுக்கோடு சாப்பிட வேண்டும். எங்கே? – வாசகி, லாஸ் ஏஞ்சல்ஸ்

டென்னிஸ் கிளப் பகுதியின் இங்கிள்சைட் விடுதியில் இருக்கும் மெல்வின்ஸ் உணவகம். 1975-இல் தொடங்கியது, பாடகர் ஃபிராங்க் சினாட்ரா வந்துபோன இடம். ஸ்டேக் டயான் என்ற மாட்டிறைச்சி உணவை மேசைக்குப் பக்கத்திலேயே வண்டியில் வைத்துச் சமைப்பார்கள். வெண்ணெயில் இறைச்சி சிவந்ததும் பிராந்தி ஊற்ற, நெருப்பு ஒரு கணம் எழுந்து அடங்கும். பியானோ இசை உண்டு. முன்பதிவு செய்யும்போது பியானோ பக்கமா, அமைதியான பக்கமா என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊர் சீக்கிரம் சாப்பிடும் ஊர், எட்டரைக்கு மேல் போனால் பல இடங்களில் சமையலறையை மூடும் அவசரம் தெரியும். ஆறரை மணிக்கு மேசை கேளுங்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 170 கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் கிளம்பினால் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வழியில் கபசோனில் ஹேட்லி பழக்கடை வரும். இந்தப் பள்ளத்தாக்கின் பேரீச்சம்பழத்தை வெனிலா ஐஸ்கிரீமோடு அடித்துத் தரும் ஷேக் அங்கே பிரசித்தம். இருவருக்கு ஒன்று போதும், இல்லாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது.